இரண்டு குதிரையும் ஒரு டிக்கும்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கூட்டவில்லை, குறைக்கவில்லை, நடந்தது நடந்தபடி. ஓர் எழுத்து பொய்யாக இருந்தாலும் சொல்கிற நாக்கு அழுகிப் போகட்டும். நாக்கு அழுகினால் முதலில் காட்ட வேண்டியது பல் டாக்டரிடம்தான் என்பதால், அவரிடமிருந்தே தொடங்குவதுதான் மரியாதை.

பல் டாக்டர் சாதுவான மனிதர். வைத்தியம் பார்க்கும்போது விரலைக் கடித்தவர்களிடம்கூட, "பரவாயில்லை, பல்லு உறுதியாத்தான் இருக்கு" என்று சிரிப்பவர். அப்படிப்பட்டவருக்கு உலகத்தில் ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னால் மட்டும் காது மடல் சிவந்துவிடும். அது சதுரங்கத்தின் ஐம்பது நகர்த்தல் விதி. ஆளுக்கு ஐம்பது முறை நகர்த்தியாகிவிட்டது, அதற்குள் ஒரு காயும் வெட்டுப்படவில்லை, ஒரு சிப்பாயும் அசையவில்லை என்றால் ஆட்டம் டிரா, அதாவது சமம் என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ராஜாவைச் சும்மா உலாத்தவிட்டே எதிராளியைத் தூங்கவைக்கிறவர்களுக்காகப் போட்ட விதி. போட்டவர்கள் நல்லெண்ணத்தில்தான் போட்டார்கள். "நாட்டுல இருக்கற பாதி அநியாயம் நல்லெண்ணத்துல போட்டதுதான்" என்பார் டாக்டர்.

அவருக்கு அந்தக் கோபம் வரக் காரணம் உத்தமன்.

உத்தமன் என்பது ஆள் இல்லை. கிளினிக்குக்குப் பின்னால், முன்பு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்த அறையில் குடியிருந்த கம்ப்யூட்டர். அதற்குள் டாக்டர் தன் கையாலேயே எழுதிய செஸ் எஞ்சின், தானாகச் சதுரங்கம் ஆடும் புரோகிராம். பொய் சொல்லத் தெரியாது என்பதால் அந்தப் பெயர். நோயாளிகளின் பல்லை அச்செடுத்த பிளாஸ்டர் வார்ப்புகள் இருந்த அலமாரியில் இப்போது ஹார்ட் டிஸ்க்குகள், கீழ்வரிசையும் மேல்வரிசையுமாக, சொத்தை இல்லாத பற்கள்போல. உத்தமன் ஆழ்ந்து யோசித்தால் தெருவிளக்கு கண் சிமிட்டும். அறையில் வீசுகிற அனலில் மழைக்காலத்திலும் துணி அரைமணியில் காய்ந்துவிடும். அப்படியும் டாக்டரின் மனைவிக்கு அதன்மேல் நன்றி பிறக்கவில்லை. வீட்டுக்காரர் சாப்பிட்ட கையோடு எழுந்து அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வதைப் பல வருஷமாகப் பார்த்தவர் அவர். அந்த அறைக்கு அவர் வைத்த பெயர் 'சின்ன வீடு'.

"எங்க உங்க வீட்டுக்காரர்?" என்று யாராவது கேட்டால், "சின்ன வீட்டுல இருக்கார்" என்று முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் சொல்வார். அதைக் கேட்டுப் பாதிப் பேர் பல்வலியை மறந்து வீட்டுக்கு ஓடி, ஊருக்குச் செய்தி சொன்னார்கள்.

ஒருநாள் உத்தமனுக்கு மின்சாரம் போதவில்லை என்று டாக்டர் பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். பால் திரிந்தது. அத்துடன் மனைவியின் பொறுமையும்.

"இதோ பாருங்க. என் தம்பி போன்ல ஓசியில ஒரு செஸ் ஓடுது. உங்க சின்ன வீடு அதை ஜெயிச்சா இங்கயே இருந்துட்டுப் போகட்டும். ஜெயிக்கலைன்னா பெட்டி படுக்கையைக் கட்டிடணும். என் தம்பி கடைக்குத் தூக்கிட்டுப் போயிடுவான்."

"சரி" என்றார் டாக்டர், பல் தெரியச் சிரித்து.

"டிரா ஆனாலும் ஜெயிக்காததுதான். அப்புறம் வழவழன்னு பேசக்கூடாது."

"டிராவா? உத்தமனா?" என்று டாக்டர் இன்னும் நாலு பல் கூடுதலாகக் காட்டினார்.

தம்பி செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். ஊரார் போனையெல்லாம் சரிசெய்கிறவன், தன் போனின் கண்ணாடி மட்டும் சிலந்தி வலைபோல விரிசல் விட்டிருக்க அதோடே காலம் தள்ளினான். அதில் ஓடிய எஞ்சினுக்கு அவன் 'அப்பாவி' என்று பெயர் வைத்திருந்தான். உத்தமனுக்கு இருப்பதுபோல டிஸ்க் அலமாரி எதுவும் அதற்குக் கிடையாது. ஏதோ தெரிந்ததை வைத்து ஆடும்.

நடுவராக உட்கார்ந்தவர் மாமனார். பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கறார் அந்த வட்டாரத்தில் பிரசித்தம். ஒருமுறை ஒரு பஸ் ஒரு நிமிடம் தாமதமாக வந்ததால், அந்த பஸ் வரவே இல்லை என்று முடிவுசெய்து விசிலை ஊதிவிட்டார். அதிலிருந்து இறங்கிய பயணிகள், தாங்கள் வந்து சேர்ந்தோமா இல்லையா என்று தெரியாமல் சாயங்காலம்வரை நிலைய வாசலிலேயே நின்றார்கள். அந்த விசிலை அவர் இன்னும் கழுத்தில்தான் மாட்டியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டம். கிளினிக்குக்கு விடுமுறை. ஆனால் கடைவாய்ப் பல் வீங்கிய ஒரு பெயிண்டர் விடியும்போதே வந்து கதவைத் தட்ட, டாக்டர் மனசு கேளாமல் அவரை நாற்காலியில் சாய்த்து, ஊசி போட்டு, வாயில் முட்டுக்கட்டை வைத்துப் பஞ்சைத் திணித்தார். மரத்துப்போகும்வரை சும்மா இருப்பானேன் என்று பேச ஆரம்பித்தார்.

"பலகையில மொத்தம் ஏழு காய் மிஞ்சிட்டா போதும். அதுக்கப்புறம் உத்தமன் யோசிக்கவே வேண்டாம். அந்த ஏழும் எந்தக் கட்டத்துல எப்படி நின்னாலும் விடை டிஸ்க்குல அட்டவணையா இருக்கு. ராஜா மாட்டி மேட் ஆன இடத்துலேர்ந்து ஒவ்வொரு அடியா பின்னாடி நடந்து வந்து போட்ட கணக்கு. இது வெற்றி, இது தோல்வி, இது டிரா. யார் வந்து மிரட்டினாலும் மாத்திச் சொல்லாது. புரியுதா?"

"ஆஆ" என்றார் பெயிண்டர்.

"அப்பேர்ப்பட்ட அட்டவணை சில இடத்துல என்ன சொல்லுதுன்னா, 'வெற்றிதான், ஆனா அறுபது எழுபது மூவ் ஆகும்'. நூறைத் தாண்டறதும் உண்டு. விதி என்ன சொல்லுது? ஐம்பதோட கடையைச் சாத்துங்குது. நடுவுல கொஞ்ச காலம் வெட்கப்பட்டு, சில நிலைக்கு மட்டும் வரம்பைக் கூட்டிப் பார்த்தாங்க. அப்புறம் அந்த வெட்கமும் போயிடுச்சு, திரும்ப எல்லாத்துக்கும் ஐம்பதுதான்னுட்டாங்க. நீங்க ஒரு சுவருக்குப் பெயிண்ட் அடிக்கறீங்க. ஐம்பது இழுப்புல முடியலைன்னா அங்க சுவரே இல்லைன்னு சொன்னா ஒத்துப்பீங்களா?"

"ஆஆ!" என்று பெயிண்டர் நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார். தொழிலைத் தொட்டுச் சொன்னதில் அவருக்கும் ரத்தம் கொதித்துவிட்டது.

"அதான். எல்லா எஞ்சின்லயும் 'ஐம்பது நகர்த்தல் விதியை மதிக்கவும்'னு ஒரு சின்னக் கட்டம் இருக்கும். உத்தமன்லயும் இருக்கு. நான் டிக் போடலை. மறந்து இல்லை சார், வேணும்னேதான் போடலை. உண்மைக்கு ஒரு காலக்கெடுவா?"

"ஏங்க, தம்பி வந்துட்டான்" என்று மனைவியின் குரல் கேட்டது. டாக்டர் அப்படியே எழுந்து போனார். வாயைத் திறந்தபடி பெயிண்டர் நாற்காலியிலேயே கிடந்தார். பிற்பாடு ஆட்டம் முடிகிறவரை அவரை யாரும் நினைக்கவில்லை. நல்லவேளையாக நாற்காலி காத்திருப்பு அறையைப் பார்த்தபடி இருந்ததால் அவருக்குப் பொழுது போயிற்று.

காத்திருப்பு அறை மேசையில் பலகை. ஒருபக்கம் உத்தமனின் திரை, கம்பி பின்னறைவரை நீண்டு போயிற்று. மறுபக்கம் அப்பாவி, ஒரு தண்ணீர் டம்ளரில் சாய்ந்து நின்றது. மாமனார் நடுவில் உட்கார்ந்து விசிலைத் துடைத்துக்கொண்டார்.

"மெஷின் என்ன சொல்லுதோ அதை நகர்த்தறது. ஆளு மூளையைக் கலக்கக்கூடாது. மத்தபடி எல்லா விதியும் உண்டு" என்றார்.

"எல்லா விதியுமா மாமா?" என்றார் டாக்டர்.

"ஏன் மாப்பிள்ளை, பாதி விதி வேணுமா? முழம் போட்டுத் தரட்டுமா?"

மச்சினன் சிரித்தான். "அத்தான், ஆரம்பத்துலயே தள்ளுபடி கேக்கறீங்களே."

ஆட்டம் தொடங்கியது. உத்தமன் அப்பாவியை அவசரமே இல்லாமல் சுருட்டியது. ராணிகள் போயின, யானைகள் போயின, சிப்பாய்கள் சரிந்தன. பத்து மணி வாக்கில் பலகையில் ஏழு காய்கள். உத்தமன் பக்கம் ராஜா, இரண்டு குதிரை, ஒரு சிப்பாய். அப்பாவி பக்கம் ராஜா, ஒரு மந்திரி, ஒரு சிப்பாய். பின்னறையில் டிஸ்க்குகள் ஒருசேர விழித்தன. தெருவிளக்கு பட்டப்பகலில் ஒருமுறை எரிந்து அணைந்தது.

உத்தமன் அட்டவணையைப் பார்த்தது. இரண்டு வழி தெரிந்தது. ஒன்று, தன் சிப்பாயைப் பத்திரமாகக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய் ராணியாக்குவது. இன்னொன்று, இப்போதே எதிரியின் மந்திரியை வெட்டிவிட்டுத் தன் சிப்பாயை விட்டுக்கொடுப்பது. இரண்டுக்கும் நேரே அட்டவணையில் எழுதியிருந்த சொல் ஒன்றுதான்: வெற்றி. டிக் இல்லாத உத்தமனுக்கு வெற்றியில் பெரிது சிறிது கிடையாது. கைக்கு முதலில் கிடைக்கிற வெட்டு எதுவோ அதை எடுத்துக்கொண்டது. மந்திரி போயிற்று. அப்பாவியின் ராஜா உத்தமனின் சிப்பாயைத் தின்றது.

"ஐயையோ, சிப்பாய் போச்சே!" என்றார் டாக்டரின் மனைவி. சின்ன வீட்டின்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும், வீட்டுப் பொருள் வீணாவதை அவரால் பார்க்க முடியாது.

"போகட்டும். இப்பதான் விசேஷமே" என்று டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "ரெண்டு குதிரையை மட்டும் வச்சுக்கிட்டுத் தனி ராஜாவை மடக்கவே முடியாது. மூலைக்குக் கொண்டுபோனா, நகர இடமில்லாம அப்படியே நின்னு டிரா ஆயிடும். ஆனா அவன்கிட்ட ஒரு சிப்பாய் மிஞ்சியிருக்கு பாரு, அதுதான் அவனுக்கு எமன். ஒரு குதிரை அந்தச் சிப்பாய் முன்னாடி போய் நின்னு வழியை மறிச்சுக்கும். இன்னொரு குதிரையும் நம்ம ராஜாவும் சேர்ந்து அவன் ராஜாவை ஓரங்கட்டிக்கிட்டே போகும். நல்லா மாட்டினதும் மறிச்ச குதிரை விலகும். சிப்பாய்க்கு நகர வழி கிடைச்சுதே, அதனால டிராவுக்கு வழி இல்லை. அது அசைஞ்சே ஆகணும், அது அசையறதுக்குள்ள இவன் மேட்! சொந்தச் சிப்பாயாலயே சாவு. எப்படி?"

"நல்ல குடும்பம்" என்றார் மாமனார். "சரி, குதிரை எப்ப விலகும்?"

டாக்டர் திரையைப் பார்த்துப் பெருமையோடு படித்தார். "இன்னும் அறுபத்தோரு மூவ்."

மாமனார் விசிலை வாயருகே கொண்டுபோய், ஊதாமல் கீழே விட்டார்.

"மாப்பிள்ளை. சிப்பாயை மறிச்சாச்சு, அது அசையாது. வெட்ட வேற காயும் இல்லை. அப்ப எண்ணிக்கை ஓடுமே. ஐம்பதோட சரியாப் போச்சே?"

மச்சினன் துள்ளி நிமிர்ந்து உட்கார்ந்தான். நாற்காலியிலிருந்து பெயிண்டர் "ஆ" என்றார்.

டாக்டரின் காது மடல்கள் சிவந்தன. தன் வாயாலேயே படித்த எண்ணை அப்போதுதான் அவர் காதால் கேட்டார். டிக் போட்டிருந்தால் உத்தமன் அந்த மந்திரியைத் தொட்டிருக்காது. சிப்பாயை நடத்திக்கொண்டுபோய் இந்நேரம் பாதி ராணியாக்கியிருக்கும். அதை ஒத்துக்கொள்வதற்குப் பதில் அவர் எழுந்து நின்றார்.

"ஜெயிக்கற ஆட்டம் மாமா இது! எப்படி ஆடினாலும் இவன் தோத்தாச்சு! உலகத்துல எந்த மூளையாலயும் இனி இவனைக் காப்பாத்த முடியாது. இதைப் போய் டிராங்கறதா? தோத்தவனைப் பார்த்து, 'நீ தோக்கறதுக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டே, அதனால தோக்கலை'ங்கறதா? என்ன நியாயம்?"

"பஸ் வருதுங்கறது வேற, வந்ததுங்கறது வேற" என்றார் மாமனார்.

"வந்துக்கிட்டிருக்கற பஸ்ஸை ரோட்டுலயே நிறுத்திட்டு வரலைங்கறீங்களே!"

"ஒரு வரம்பு இல்லைன்னா மனுஷன் எப்ப வீட்டுக்குப் போறது மாப்பிள்ளை? இவனும் நகர்த்துவான், அவனும் நகர்த்துவான், நடுவுல நான் கிழவனாயிடுவேன்."

"நீங்க ஏற்கெனவே..." என்று ஆரம்பித்த டாக்டர், மனைவியின் பார்வையைக் கண்டு வாக்கியத்தை விழுங்கினார்.

"அப்பாவிக்குத் தோத்துட்டோம்னே தெரியாது அத்தான்" என்றான் மச்சினன் ஆறுதலாக. "அதுபாட்டுக்கு நகர்த்திக்கிட்டு இருக்கு. அந்த நிம்மதி உங்க உத்தமனுக்கு வருமா?"

ஆட்டம் ஓடியது. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மாமனார் ஒரு விரல் மடக்கினார். விரல் தீர்ந்தபோது கால்விரலுக்குப் போனார். உத்தமன் முகம் கோணாமல் தன் பாதையில் நடந்தது. வரம்பு என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. டாக்டர் அப்பாவி தப்பு செய்யக் காத்திருந்தார். அது ஒரு நகர்த்தலைத் தவறவிட்டால் போதும், குதிரை விலகும் நேரம் கிடுகிடுவென்று குறையும். ஆனால் அந்த ஓசி எஞ்சின், ஒன்றும் தெரியாமலே, ராஜாவை எங்கே வைத்தால் இழுத்தடிக்குமோ அங்கேயே வைத்தது. டாக்டருக்கு அதைவிட வேறு அவமானம் வேண்டாம். தெரிந்து எதிர்த்தால் கைகொடுக்கலாம். தெரியாமல் எதிர்க்கிறதை என்ன செய்வது?

எண்ணிக்கை முப்பத்தெட்டு. குதிரை விலக இன்னும் இருபத்துமூன்று. மிச்சமிருப்பதோ பன்னிரண்டு. டாக்டரின் மனைவி உள்ளே போய் ஒரு பழைய அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து சுவரோரம் வைத்தார். கோபமாக வைக்கவில்லை. தூசி தட்டித்தான் வைத்தார். அதுதான் டாக்டருக்கு உறைத்தது.

"மாமா, அந்த டிக்கை இப்பப் போட்டுக்கலாமா?" என்றார்.

"என்ன டிக்?"

"விதியை மதிக்கற டிக். அதுக்கும் கெடு தெரிஞ்சா வேற ஏதாவது வழி கண்டுபிடிக்கும்ல."

"மெஷினுக்கு மரியாதை கத்துக்கொடுக்கறதை நான் தடுப்பேனா? போட்டுக்குங்க மாப்பிள்ளை."

அதுவரை விதியின் முகத்தில் காறித் துப்பியவர், அன்று அப்பாவியின் முறை நடந்துகொண்டிருக்கும்போது, அந்தச் சின்னக் கட்டத்தில் டிக் போட்டார்.

உத்தமன் அட்டவணையைப் புதுக் கண்ணோடு பார்த்தது. முன்பு வெற்றி என்று இருந்த இடத்தில், விதியையும் சேர்த்துக் கூட்டினால், டிரா என்று வந்தது. பொய் சொல்லத் தெரியாத ஜன்மம். ஒரு நொடி தாமதிக்கவில்லை. திரையில் பெரிய எழுத்தில் செய்தி வந்தது: 'இந்நிலை டிரா. ஒத்துக்கொள்ளலாமா?'

"ஓ, தாராளமா" என்று மச்சினன் போனைத் தட்டினான். மாமனார் விசிலை ஊதினார்.

"ஏய், இரு, இரு!" என்று டாக்டர் கத்துவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மச்சினன் போனை எடுத்துப் பார்த்தவன் கண்ணைச் சுருக்கினான். விரிசலுக்குள் விரலை நகர்த்தித் தேடினான். பிறகு முகம் கொஞ்சம் வெளுத்தது.

"என்னடா?" என்றார் அவன் அக்கா.

"ஒண்ணுமில்லை. அப்பாவி அடுத்ததா எதை நகர்த்த நினைச்சதுன்னு காட்டுது."

டாக்டர் போனைப் பிடுங்கினார். ராஜாவை மூலைக்கு நகர்த்த இருந்தது. அந்த நிலையை உத்தமனுக்குள் போட்டுக் கேட்டார். டிக்கோடு கேட்டார், டிக் இல்லாமலும் கேட்டார். இரண்டு முறையும் ஒரே பதில். குதிரை விலக ஒன்பதே நகர்த்தல். பன்னிரண்டு மிச்சமிருக்க, ஒன்பது. விதியை மதிக்காமல் இன்னும் ஒரே ஒரு மூச்சு பொறுத்திருந்தால், விதிப்படியே வெற்றி.

டாக்டர் போனை மேசையில் வைத்தார்.

"பல வருஷமா அந்த விதியைத் திட்டினேன். ஒண்ணும் ஆகலை. ஒருதடவை, ஒரே ஒரு தடவை மரியாதை கொடுத்தேன்" என்றார். பிறகுதான் சத்தம் போட்டார். "இது அயோக்கியத்தனம் மாமா! தப்பு பண்ணப்போனவன் தப்பிச்சுட்டான், உண்மையைச் சொன்னவன் மாட்டிக்கிட்டான்! ஆட்டத்தைத் திரும்ப அங்கேர்ந்து ஆடணும்!"

"டிரா கேட்டது உங்க ஆளு. ஒத்துக்கிட்டது எங்க ஆளு. ஊதினது நான். ஊதினது ஊதினதுதான்."

"அக்கா, டேப் எங்க இருக்கு? பெட்டியை ஒட்டணும்" என்றான் மச்சினன்.

"நீயே தேடிக்கோ" என்றார் அக்கா வெடுக்கென்று. நிபந்தனை போட்டவர் அவர்தான். ஆனால் ஜெயித்திருக்க வேண்டியதை டிரா என்று தூக்கிப்போவதைப் பார்த்தபோது, சின்ன வீட்டின்மேல் வைத்திருந்த கோபமெல்லாம் யார்மேல் போவது என்று தெரியாமல் தம்பிமேல் போய் விழுந்தது. "தூக்கும்போது எதையாவது உடைச்சே, அப்பா விசிலை உன் வாயிலேயே திணிச்சுடுவேன்."

உத்தமன் போயிற்று. அப்போதுதான் டாக்டர் திரும்பிப் பார்த்தார். பெயிண்டர் வாயைத் திறந்தபடியே அழுதுகொண்டிருந்தார். வலியால் இல்லை, அநியாயத்தைப் பார்த்து.

அதன்பின் டாக்டர் மாமனாரோடு பேசவில்லை. அவசியமாக ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால், மனைவியிடம் சொல்வதுபோலச் சுவரைப் பார்த்துச் சொன்னார். பின்னறை குளிர்ந்து போயிற்று. துணி காயவில்லை. டாக்டரின் மனைவி ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே அந்த வெற்று அலமாரியை முறைத்துவிட்டுப் போவார். மச்சினன் கடையிலோ உத்தமனுக்கு நல்ல வேலை கிடைத்துவிட்டது. தண்ணீரில் விழுந்த போன்களை அதன் முதுகின்மேல் அடுக்கிக் காயவைத்தான். செத்துப்போனவையெல்லாம் உயிரோடு திரும்பின, சில போன்கள் முன்பைவிட நன்றாகவே வேலை செய்தன.

அப்படி இருக்கையில் மாமனாருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி கண்டது. கன்னம் வீங்கி, விசில் ஊத முடியாமல், வேறு வழியில்லாமல் மாப்பிள்ளையின் நாற்காலியில் வந்து சாய்ந்தார். டாக்டர் மரியாதையாக ஊசி போட்டார். மரத்ததும் கருவியைப் பொருத்தினார். பிடித்து ஓர் அசை அசைத்தார்.

"ஒண்ணு" என்றார்.

மாமனாருக்கு முதலில் புரியவில்லை. பதினைந்தாவது அசைவில் கண்ணை உருட்டினார். முப்பதில் கைப்பிடியை இறுக்கினார். பல் ஆணிவேரோடு ஆட ஆரம்பித்திருந்தது. ஆனால் அதுவும் அவரைப் போலவே கறாரான பல். மனைவி கதவோரம் வந்து நின்று, தன் பங்குக்கு விரல் மடக்கிக்கொண்டிருந்தார்.

"ஐம்பது" என்று சொல்லி டாக்டர் கருவியைத் தட்டில் வைத்தார். "டிரா மாமா. பல்லு இருந்த இடத்துலயே இருக்கட்டும். எழுந்திருங்க."

மாமனார் வாயைப் பொத்திக்கொண்டு கத்தினார். மரத்த நாக்கில் பாதிச் சொல் வழுக்கியது. "என்ன விளையாட்டு இது மாப்பிள்ளை! வந்துக்கிட்டுதானே இருக்கு! தொங்குது! தொட்டா வந்துடும்!"

"வருதுங்கறது வேற, வந்ததுங்கறது வேற."

"அது செஸ்ஸு! இது வாயி!"

"விதி இல்லைன்னா டாக்டர் எப்ப வீட்டுக்குப் போறது மாமா? நானும் இழுப்பேன், நீங்களும் கத்துவீங்க."

"ஏம்மா, உன் புருஷனைக் கேளு!" என்று மாமனார் மகளைப் பார்த்தார்.

"ஐம்பது ஆயிடுச்சுப்பா" என்றார் மகள். "நானும் எண்ணினேன்."

மாமனார் தொங்குகிற பல்லை நாக்கால் தொட்டுப் பார்த்தார். வாழ்நாளில் முதல்முறையாக, நிலையத்துக்கு வெளியே வந்து நின்றுகொண்டிருக்கிற பஸ் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்தது. உள்ளே ஆள் இருக்கிறார்கள். விளக்கு எரிகிறது. ஒரு முழம் வந்தால் சேர்ந்துவிடும். அதைப் பார்த்து இல்லை என்பது...

"அடப்பாவி" என்றார். யாரைச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. "சரி. வர்றது நிச்சயம்னு தெரிஞ்சா வரம்பு கிடையாது. இந்த வீட்டு விதி இனிமே அதான். இழுங்க!"

"ஆட்டம்?"

"டிரா கேட்ட இடத்துலேர்ந்து திரும்ப ஆடலாம்! இழுய்யா முதல்ல!"

ஐம்பத்தொன்றாவதில் பல் வந்தது.

அந்த வாரமே மச்சினன் கடையிலிருந்து உத்தமனைக் கொண்டுவந்தார்கள். அதன் முதுகில் காய்ந்துகொண்டிருந்த போன்களை ஒவ்வொன்றாக எடுக்கும்போது அவனுக்குக் கண் கலங்கியது. டாக்டர் டிக்கை எடுத்தார். அப்பாவி, முன்பு நினைத்தபடியே, ராஜாவை மூலைக்கு நகர்த்தியது. மாமனார் வீங்கிய கன்னத்தோடு விரலைக்கூட மடக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். மறித்து நின்ற குதிரை ஒன்பதாவது நகர்த்தலில் விலகியது. சிப்பாய் விடுதலை கிடைத்த சந்தோஷத்தில் ஓர் அடி எடுத்து வைத்தது, பிறகு இன்னோர் அடி. அதற்குள் இரண்டாவது குதிரை ராஜாவின் கழுத்தில் கால் வைத்தது. மேட். அப்பாவியின் விரிசல் கண்ணாடியில், 'நல்ல ஆட்டம்! இன்னொன்று ஆடலாமா?' என்று வந்தது.

"இப்பவும் அதுக்குத் தெரியலை பாருங்க" என்றான் மச்சினன்.

உத்தமன் பின்னறையில் பழைய இடத்தில் உட்கார்ந்தது. டாக்டரின் மனைவி, கதவைச் சாத்தக்கூடாது, பிரிட்ஜைத் தொடக்கூடாது என்று இரண்டு நிபந்தனை போட்டுவிட்டு, ஈரத் துணியை எடுத்துக்கொண்டு அவரே முதலில் உள்ளே போனார். டாக்டர் ஐம்பது நகர்த்தல் விதியைத் திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. வாயைத் திறந்து நாற்காலியில் சாய்கிற ஒவ்வொருவரும் அதைக் கேட்டே ஆக வேண்டும்.

ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று முதலிலேயே சத்தியம் செய்தாயிற்று; இதுவும் உண்மைதான்: பல் டாக்டருக்கு இன்றுவரை கல்யாணம் ஆகவில்லை.